கோபம் வந்தால் ஆளுக்கு ஆள் முறைப்பு ஏன் மாறுகிறது?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறேன். பட்டறையை அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். இருவருக்கும் கோபம் வரும். ஆனால் அது வெளிப்படும் விதத்தைப் பார்த்தால் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று நம்ப முடியாது.

பெரியவருக்குக் கோபம் வந்தால் கண் இரண்டும் உருண்டு வெளியே வந்துவிடும்போல் இருக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். பார்வையோடு சேர்ந்து வாயும் நாலு வார்த்தை சொல்லிவிடும். ஐந்து நிமிடம் கழித்து அவரே, "எல்லாருக்கும் டீ சொல்லுப்பா" என்பார். சின்னவர் அப்படியல்லர். கையில் இருக்கும் சாமணத்தை, அதாவது கண்ணிகளைப் பிடிக்கும் சிறு இடுக்கியை, மெதுவாகப் பலகையின்மேல் வைப்பார். வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். புருவம் நெரியாது, உதடு அசையாது, இமைகூடக் கொட்டாது. பத்து எண்ணும் நேரம்தான் இருக்கும். பிறகு சாமணத்தை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

சென்ற வாரம் எனக்குத் தீ ஒரு நொடி கூடிப்போய், கோத்து வைத்திருந்த வரிசையில் மூன்று கண்ணிகள் உருகி ஒரே குண்டாகத் திரண்டுவிட்டன. பெரியவர் கண்ணில் பட்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்கியிருப்பேன். பார்த்தது சின்னவர். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இணையத்தில் மனிதர்களை 16 ஆளுமை வகைகளாகப் பிரித்து, இன்ன வகைக்காரர் கோபம் வந்தால் இன்ன விதமாகப் பார்ப்பார் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். சின்னவரை அதில் ஒரு கட்டத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தினார். மறுநாள் இன்னொரு கட்டத்தில் வைத்தேன், அதிலும் பொருந்தினார். ஆகவே இங்கே கேட்கிறேன். ஒருவருடைய சுபாவம்தான் அவருடைய முறைப்பைத் தீர்மானிக்கிறதா? கத்துகிறவருடைய கண் பயமுறுத்தாமல், கத்தாதவருடைய கண் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

அடிவாரம் எழுதியது:

தம்பி, நான் ஏற்காட்டு மலைப்பாதையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தினம் தினம் முறைப்புகளைப் பார்த்தே பிழைப்பு நடக்கிறது. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சமவெளியிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. வளைவின் நடுவில் இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும்போது ஆளின் குணம் கண்ணாடிக்குள்ளேயே தெரிந்துவிடும்.

ஒருவர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே கண்ணை உருட்டுவார். அவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் விஷயம் முடிந்துவிடும். இன்னொருவர் கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்குச் சாலையைவிடத் தன் மதிப்புப் பெரிது, கொஞ்சம் பணிந்து பேசினால் போதும். மூன்றாவது ஆள் என்னைப் பார்க்கவே மாட்டார். நான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் நேராக என் வண்டியின் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டு, வண்டியையும் நகர்த்தாமல், இயந்திரத்தையும் நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பார். என் அனுபவத்தில் அடிதடி வரை போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளிடம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் அல்லவா? வண்டியில் வருகிறவர்களிடம், முக்கியமாகக் குழந்தைகளிடம், அவற்றின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். குரங்குக்கு உற்றுப் பார்ப்பது என்றாலே சண்டைக்கு அழைப்பதுதான். பெரிய கடுவன் வாயைத் திறந்துகொண்டு வெறித்துப் பார்த்தால், சின்னது உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கே ஆளுமை வகை பார்த்து யாரும் முறைப்பதில்லை. யார் பெரியவர் என்பதுதான் கணக்கு.

அஸ்தம்பட்டி மாணவி எழுதியது:

நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். இந்தக் கேள்வி என் பாடத்துக்கு மிக அருகில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 16 வகைகளைப் பற்றி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யுங் 1921-ல் மனிதர்களை அகமுகத்தார், புறமுகத்தார் என்று பிரித்து, அதோடு சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு இயக்கங்களைச் சேர்த்தார். பின்னாளில் அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அதை விரித்து 16 வகைகளாக்கினார்கள். அந்தத் தேர்வை எழுதிய பலர் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகைக்குள் போய்விடுகிறார்கள் என்பது அதன்மீது நெடுநாளாக உள்ள குறை. உங்கள் சின்னவர் இரண்டு கட்டங்களில் பொருந்தியது உங்கள் தவறன்று, அண்ணா.

கோபத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு ஒன்று இருக்கிறது. சார்லஸ் ஸ்பீல்பெர்கர் 1988-ல் வெளியிட்ட அளவுகோலில், கோபத்தை வெளியே விடுவது, உள்ளே அடைத்து வைப்பது, கட்டுக்குள் கொண்டுவருவது என்ற மூன்றும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. பின்னிரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. அடைத்து வைப்பவருக்குள் கோபம் கொதித்துக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்துபவர் அது தணிவதற்கு ஏதாவது செய்துகொண்டிருப்பார். சின்னவர் இந்த இரண்டில் எது என்பதை அவருடைய கண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இனிக் கண்ணுக்கு வருகிறேன். 1978-ல் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் முகத்தின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு குறிமுறையை உருவாக்கினார்கள். கோபமான முகத்தில் புருவங்கள் இறங்கி ஒன்றையொன்று நெருங்குகின்றன, மேலிமை உயர்கிறது, கீழிமை இறுகுகிறது, உதடுகள் அழுந்துகின்றன. இவற்றில் மேலிமை உயர்வதும் கீழிமை இறுகுவதும் எதிரெதிர் வேலைகள். கண் திறக்கவும் பார்க்கிறது, சுருங்கவும் பார்க்கிறது. அந்த இழுபறியைத்தான் நாம் முறைப்பு என்கிறோம். பெரியவருடைய முகத்தில் இவை எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. என்ன வரப்போகிறது என்று உங்களுக்கு முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. சின்னவருடைய முகத்தில் அந்த அசைவுகள் இல்லை. சாமணம் கீழே வந்துவிட்டது, பார்வை உங்கள்மேல் இருக்கிறது, இவ்வளவுதான் தெரிகிறது. மீதியை உங்கள் மனம் நிரப்பிக்கொள்கிறது, மனமோ பயத்தை வைத்துத்தான் நிரப்பும்.

முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டால் உள்ளே அமைதியாகிவிடும் என்பதும் இல்லை. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1990-களில், அருவருப்பூட்டும் படக்காட்சிகளைச் சிலருக்குக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, ஆனால் தோலின் வியர்வை போன்ற உடற்கிளர்ச்சியின் அறிகுறிகள் கூடின. அது அருவருப்பைப் பற்றிய சோதனைதான். ஆனாலும் அசையாத முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

அடிவாரம் ஐயாவுக்கு ஒரு செய்தி. 1972-ல் அமெரிக்காவில் ஃபீபி எல்ஸ்வொர்த்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் உங்கள் தொழிலை ஒட்டியே ஒரு சோதனை செய்தார்கள். சிவப்பு விளக்கில் நின்ற ஓட்டுநர்களை ஒருவர் ஓரத்தில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கு பச்சையானதும், அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சாலையைக் கடந்து போனார்கள். பார்த்தவருடைய முகத்தில் கோபம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. எதற்குப் பார்க்கிறார் என்று தெரியாததே போதுமானதாக இருந்தது.

கொலுசுப்பட்டறை எழுதியது:

நன்றி, தங்கையே. "மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. சின்னவர் வேலை செய்யும்போதும் அதிகம் இமைப்பதில்லை. அதையும் நான் கோபத்தின் கணக்கில் சேர்த்துவிட்டேனா?

அஸ்தம்பட்டி மாணவி எழுதியது:

சேர்த்திருக்கலாம். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். நுணுக்கமான வேலையை உற்றுப் பார்க்கும்போது அது தானாகக் குறைந்துவிடும். பல ஆண்டுகளாகக் கண்ணிகளைப் பற்றவைத்தவருக்கு உற்றுப் பார்ப்பது என்றாலே இமைக்காமல் பார்ப்பதுதான் என்று கண் பழகியிருக்கக்கூடும். ஒருவருடைய முறைப்பைப் படிக்க வேண்டுமானால், அவர் கோபப்படாத நேரத்தில் எப்படிப் பார்க்கிறார் என்பதை முதலில் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை) எழுதியது:

எல்லாரும் முறைக்கிறவருடைய குணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். முறைப்பதற்கு யாருக்கு அனுமதி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடிவாரம் அண்ணன் குரங்கைச் சொல்லித் தொட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

நான் பதினெட்டு வருடமாக விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. இழை அறுந்துவிட்டது, நாடாவை மாற்று, முதலாளி வருகிறார், தண்ணீர் கொண்டுவா என்று எல்லாவற்றையும் கண்ணாலும் கையாலும்தான் பேசுவோம். ஆகவே கண்ணைப் படிப்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு என்று தைரியமாகச் சொல்வேன். எங்கள் கூடத்தில் மேற்பார்வையாளர் முறைப்பார், முன்பணம் வாங்கியவர் முறைக்கமாட்டார். அவருக்குக் கோபமே வராத சுபாவம் என்று நீங்கள் கட்டத்தில் எழுதிக்கொள்வீர்கள். கடனை அடைத்த மறுநாள் அதே மனிதர் எப்படிப் பார்க்கிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அது அவருடைய அண்ணன் தம்பி யாரோ வந்துவிட்டதுபோல் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் முறைத்தால் கண்டிப்பான மனிதர் என்கிறார்கள், நான் முறைத்தால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். கல்யாணமான முதல் ஆறு வருடம் நான் யாரையும் நிமிர்ந்து பார்த்துக் கோபித்ததில்லை. என் கோபம் முழுவதும் அடுப்பைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, பாத்திரத்தைப் பார்த்தது. அப்போது என்னைச் சாது என்றார்கள். இப்போது என் கையில் சம்பளம் வருகிறது, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், நான் நேராகவே பார்க்கிறேன். இப்போது என்னைக் கோபக்காரி என்கிறார்கள். எனக்குள் இருந்த கோபத்தின் அளவு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

தெருவில் பாருங்கள். "ஏன்டா முறைக்கிற?" என்று தொடங்கிய சண்டைகளில் உண்மையில் முறைத்தவர் எத்தனை பேர்? பணிந்து பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டவன் வெறுமனே நிமிர்ந்து பார்த்தாலே அதற்கு முறைப்பு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்து எத்தனை இளைஞர்களை அடித்திருக்கிறார்கள் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதைப் பற்றிப் பேசினாலே மனம் பொறுப்பதில்லை.

அஸ்தம்பட்டி மாணவி எழுதியது:

அக்கா சொல்வதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நான் எழுதியதில் இது இல்லாமல் போனது பெரிய குறைதான். கோபத்தை உள்ளே அடைப்பவர் என்று நாங்கள் படிவத்தில் குறித்துவைப்பவர்களில் எத்தனை பேர் சுபாவத்தால் அடைக்கிறார்கள், எத்தனை பேர் வேறு வழியின்றி அடைக்கிறார்கள் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

சூரமங்கலம் வாசகர் எழுதியது:

நம் ஊரில் முறைப்பைப் பற்றிப் பேசிவிட்டு முனியப்பனைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? சேலத்தைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் முறுக்கிய மீசையும் கையில் ஆயுதமும் உருட்டி விழித்த கண்ணுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண்ணைப் பார்த்து எந்தக் குழந்தையும் அலறி ஓடி நான் பார்த்ததில்லை. மடியில் ஏறாத குறையாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காவல் காக்கிறவருடைய முறைப்பு நம்மை நோக்கியது அல்ல, நமக்குப் பின்னால் வருவதை நோக்கியது என்று குழந்தைக்கே தெரிகிறது. பட்டறைப் பெரியவருடைய முறைப்பும் ஏறக்குறைய அதுபோன்றது என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாக வணங்கப்பட்ட சிலையைத் தொல்லியல் துறையினர் ஆய்ந்து, அது புத்தர் சிலை என்று அறிக்கை கொடுத்ததையும், 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதையும் அறிந்திருப்பீர்கள். மடியில் கைவைத்துத் தியானத்தில் அமர்ந்த உருவம் அது. சிறு வயதில் என் பாட்டி என்னை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். உருட்டி விழித்த முனியப்பனிடம் வராத பயம் எனக்கு அங்கே வந்தது. பாட்டியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. முனியப்பன் என்று பெயர் சொல்லிவிட்டார்கள், ஆனால் முகத்தில் கோபத்தைக் காணவில்லை, அப்படியானால் இவர் எதை மறைத்துவைத்திருக்கிறார் என்று அந்த வயதில் நினைத்திருப்பேன்போலும். மாணவி சொன்னது இதுதான் என்று இப்போது புரிகிறது.

மலைத்தமிழாசிரியை (ஏற்காடு) எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கே கற்பித்தேன்.

தொல்காப்பியம், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியை, அதாவது கோபத்தை, வைக்கிறது. அதை நான்காகவும் பிரிக்கிறது. ஆனால் கோபப்படுகிற ஆளின் குணத்தால் பிரிக்கவில்லை. உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல் (வைதும் அடித்தும் வருத்துதல்), கொலை என்று கோபத்துக்கான காரணத்தால் பிரிக்கிறது. இந்த மனிதர் எந்த வகை என்று கேட்பதற்கு முன்னால், இவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் மரபு அது. திருக்குறளிலோ, பகையையும் நட்பையும் கண்ணே சொல்லிவிடும் என்று கூறும் 709-ஆம் குறள், "கண்ணின் வகைமை உணர்வார்ப் பெறின்" என்று ஒரு நிபந்தனையோடு முடிகிறது. உணர்வார் கிடைத்தால்தான். நான் முப்பத்தோரு ஆண்டுகள் அந்தக் குறளைக் கற்பித்தவள். ஆனாலும் உணராமல் போன ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம், மார்கழி மாதம். பெற்றோருக்கு வேலை மிகுதியாக இருக்கும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவாள். நான்கு நாள் வராமல் ஐந்தாம் நாள் வந்தவளை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனியவில்லை. கண்களை அகல விரித்து, இமைக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சிறிய பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று எனக்குக் கோபம் இரட்டித்தது. "என்ன முறைப்பு?" என்று கேட்டேன். தறிக்கூடத்து மகள் மேலே எழுதியிருக்கும் அதே சொல்தான். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபோது ஒரு முறை இமைத்தாள். இரண்டு கன்னத்திலும் ஒரே நேரத்தில் கண்ணீர் இறங்கியது. இமைத்தால் கீழே விழுந்துவிடும் என்பதற்காகத்தான் அதுவரை இமைக்காமல் பிடித்துவைத்திருந்தாள். குளிரில் வெடித்த உதட்டோரத்தில் அந்தக் கண்ணீர் பட்டு எரிந்ததுபோலும், புறங்கையால் உதட்டை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் வீடு வரை நடந்துபோய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகும் என்னை முறைத்த மாணவர்கள் உண்டு, அவர்களில் உண்மையான கோபக்காரர்களும் உண்டு. ஆனால் அகல விரிந்த கண்ணைக் கண்டால் கீழிமையின் விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பட்டறைத் தம்பிக்கு ஒன்று சொல்வேன். நாங்கள் ஐந்து பேர் ஆயிரம் சொன்னாலும் அந்தச் சின்னவரை நாங்கள் பார்த்ததில்லை. நீர் அவருக்கு எதிரே தினமும் உட்கார்ந்திருக்கிறீர். அவரிடமே கேட்டால் என்ன?

கொலுசுப்பட்டறை எழுதியது:

டீச்சர் அம்மா சொன்ன பிறகு பத்து நாள் தயங்கினேன். நேற்று மாலை பெரியவர் கடை வீதிக்குப் போயிருந்தார், மற்றவர்கள் கணக்கு முடித்துக் கிளம்பிவிட்டார்கள். சின்னவர் நாளின் கடைசி வேலையாகப் பலகையில் சிதறிய வெள்ளித்தூளைத் தூரிகையால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு அந்த மூன்று கண்ணி உருகியபோது உங்களுக்கு என்மேல் ரொம்பக் கோபமா?" என்று கேட்டேன்.

"கோபம்தான்" என்றார். அதில் ஒளிவுமறைவு இல்லை. நான் பேசாமல் இருந்ததால் அவரே தொடர்ந்தார். அவர்களுடைய அப்பாவும் இதே பட்டறையில் இதே பலகையில் வேலை செய்தவராம். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிந்துவிடுவாராம். பெரியவருடைய இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பை நான் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஏதோ விழுந்து பட்டது என்று நினைத்திருந்தேன். அது சாமணம் பட்ட காயமாம். அப்போது பெரியவருக்குப் பன்னிரண்டு வயது, சின்னவருக்கு ஒன்பது.

"அண்ணன் கத்திப் பழகிக்கொண்டது. அதற்குக் கத்தினால் போய்விடுகிறது. எனக்கு அது வரவில்லை. அதனால் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன்" என்றார்.

அவர் எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரியாது. நானும் அந்த நேரத்தைப் பத்து எண்ணும் நேரம் என்றுதான் இங்கே முதல் பதிவில் எழுதியிருக்கிறேன்.

எண்ணும்போது என்னை ஏன் பார்க்கிறீர்கள், சுவரைப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தான் யாரையும் பார்ப்பதாக நினைக்கவில்லை என்றும், எண்ணும்போது கண் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிறகு தூளைக் காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இன்று காலை பக்கத்துப் பலகைப் பையன் திருகாணியை மாற்றிப் பூட்டிவிட்டான். சாமணம் பலகையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பையன் வெளிறிப்போனான். சின்னவர் எப்போதும்போல் அவனைப் பார்த்தார். ஆறோ ஏழோ எண்ணியிருப்பார், பார்வையைக் கீழே இறக்கித் தன் கையைப் பார்த்துக்கொண்டு மீதியை எண்ணி முடித்தார்.